எந்த ஸ்கூலோ, பாவம்

எங்கள் கணக்கு டீச்சர் தன் வகுப்பில் சொதப்பிய பாடங்களை மட்டும் பெயர் போடாமல் வலைப்பதிவில் எழுதுவார். எங்கெங்கோ இருக்கும் ஆசிரியர்கள் அதைப் படித்து, அதே பள்ளத்தில் விழாமல் தப்பித்தார்கள். எழுதுவது யாரென்று எங்கள் தலைமையாசிரியரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வலைப்பதிவு என்றாலே வெட்டி வேலை.

தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்குப் போனவர், அங்கே அச்சடித்துக் கொடுத்த ஒரு வலைப்பதிவோடு ஞானம் பெற்றுத் திரும்பினார்.

"கேளுங்க டீச்சர், கத்துக்கலாம்," என்று உரக்கப் படித்தார்: 'பின்னம் பிடிபட ஆரம்பித்தபோது தலைமையாசிரியர் உள்ளே வந்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். பின்னமும் போச்சு, பீரியடும் போச்சு.'

"எந்த ஸ்கூலோ, பாவம்," என்றார்.

கணக்கு வகுப்புக்கு மணி அடித்தது. அவர் டீச்சரை விடவில்லை. அப்படிப்பட்ட தலைமையாசிரியர்களைப் பற்றி அந்தப் பீரியட் முடியும்வரை பேசினார்.