மழைக்கு ஏறிய ரூம் வாடகை

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்தேன். பல வருஷமாகத் தள்ளியும் போட்டேன். செய்த நன்மையை வாயால் சொல்லிக் காட்டினால் அது அல்லாஹ்விடத்தில் நிற்காது என்று சின்ன வயதில் மதரஸாவில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பயம்தான். இப்போது லாட்ஜ் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள், "சீசன் ரேட்டு எப்படிப் போடுவீக பாய்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லப் போனால் ராமையாவைச் சொல்லாமல் முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் நன்மை செய்தவன் நான் இல்லை. அதனால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிக்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. ரேட்டு போடும் விதம்

சிவகாசியில் பதினோரு ரூம் உள்ள சின்ன லாட்ஜ் அது. நான் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி கொடுப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, பெட்ஷீட்டைச் சலவைக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்துத்தான். குடும்பம் சாத்தூரில் இருந்தது. எனக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு கட்டில் கொள்கிற அளவு இடம்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அன்றைய வாடகையைச் சாக்பீஸால் அதில் எழுதுவோம். பங்குனிப் பொங்கலுக்கும் முகூர்த்த நாளுக்கும் கொஞ்சம் ஏற்றுவோம். மற்றபடி வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஈ ஓட்டுவதுதான். தீபாவளிக்கு முந்தைய சீசனில்தான் வெளியூர்ப் பார்ட்டிகள் பட்டாசு வாங்க வந்து நிறைவார்கள்.

ரேட்டை வாய்க்கு வந்தபடி போட மாட்டோம். விடிகாலையில் பஜ்ர் தொழுதுவிட்டு லாரி செட் வரைக்கும் நடப்பேன். லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய வண்டிகள் நின்றால் பார்ட்டிகள் கிளம்பப் போகிறார்கள், ரூம் காலியாகும், ரேட்டைக் குறைக்க வேண்டும். வண்டிகள் வெறுமனே நின்றால் சரக்கு வரவில்லை, பார்ட்டி இங்கேயே கிடப்பார், ரேட்டை ஏற்றலாம்.

இதற்கெல்லாம் மேலே மழை. வெயில் இல்லாவிட்டால் பட்டாசு காயாது. காயாவிட்டால் லோடு வராது. வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்காரர்கள் மழைக்கு வேண்டுவார்கள், பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெயிலுக்கு வேண்டுவார்கள். லாட்ஜ்காரன் மழைக் கட்சி. ஆனால் வெளியே சொல்ல மாட்டான்.

2. கஞ்சி

அந்த வருஷங்களில் ரமலானும் சீசனும் ஒன்றாக வந்தன. ஒரு நாள்கூட வீட்டுக்குப் போக முடியாது. போனில் வீட்டுக்காரி, "பிள்ளைக கஞ்சியை முன்னால வச்சுக்கிட்டு அத்தா எப்ப வருவாகன்னு கேக்குதுக" என்பாள். சாத்தூர் பஸ் லாட்ஜ் வாசலைத் தாண்டித்தான் போகும். ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கவுண்டரில் இருப்பேன். எல்லா ரூமிலும் ஆள் இருந்தும் நோன்பு திறக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பது போலத் தோன்றும்.

அந்தத் தனிமையில் என்னோடு உட்கார்ந்தவர் ராமையா. தெலுங்குக்காரர், ஓங்கோல் பக்கம் ஏதோ ஒரு ஊரில் சின்னப் பட்டாசுக் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் ஒரு ரெக்சின் பையோடு வந்து ஒன்பதாம் நம்பரில் தங்கி, தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் ஆர்டர் கொடுத்து லோடு எடுத்துப் போவார். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து எனக்கு நோன்புக் கஞ்சி வரும். நோன்பு திறக்கப் பாங்கு சொல்கிற வரைக்கும் அவரும் டீகூடக் குடிக்காமல் என் பக்கத்தில் இருப்பார். பாதிக் கஞ்சியை அவருக்கு ஊற்றுவேன்.

"காரமே லேது பாய்காரு" என்பார், காரமே இல்லையாம். "ஒரு பச்சமிளகா போட்டா உங்க சாமி கோவிச்சுக்குவாரா?"

"அவன் கோவிக்க மாட்டான். பள்ளிவாசல்ல கஞ்சி காச்சுற மோதினார் கோவிப்பாரு."

தினமும் இதே பேச்சுதான். தினமும் சிரிப்போம்.

3. பலகை

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முதலாளி அண்ணாச்சி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாய், லாரி செட்ல எப்படி?"

"எல்லாம் வெறும் வண்டி, அண்ணாச்சி."

"அப்ப பலகையை அழிங்க."

நூற்றைம்பது இருநூறாயிற்று. மழை தொடர்ந்ததும் முந்நூறாயிற்று. எங்கள் லாட்ஜில் ஏற்கெனவே தங்கியிருக்கிறவருக்கும் அன்றைய பலகை ரேட்டுதான். ராமையா காலையில் இறங்கி வந்து பலகையைப் பார்த்தார். கவுண்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கையிலிருந்த பணம் முழுவதும் சரக்குக்கு உள்ளது. வாடகைக்கு எடுத்தால் லோடு குறையும். ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்றால், நிற்கிறவனுக்குத்தான் சரக்கு. போனவன் லோடு வேறு பார்ட்டிக்குப் போய்விடும். தீபாவளிக்குக் கடையில் சரக்கு இல்லையென்றால் அவருக்கு அந்த வருஷமே இல்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் பழைய ரேட்டு போட்டா என்ன? பழைய ஆளு."

"ஒருத்தருக்குக் குறைச்சா அம்புட்டுப் பேரும் கவுண்டர்ல வந்து நிப்பாக பாய். சீசன் இல்லாதப்ப ரூம் பூரா பூட்டிக் கெடந்துச்சே, அப்ப யாராச்சும் ரெண்டு ரூவா கூடக் கொடுத்தாகளா? மழைன்னு பேங்க்காரன் வட்டியக் குறைக்கானா?"

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. மாடி கட்டிய கடனை அந்தச் சீசனை நம்பித்தான் வாங்கியிருந்தார்.

அன்றைக்கே ராமையாவின் பையை எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். "இது பலகையில இல்லாத ரூம். இதுக்கு ரேட்டு கெடையாது" என்றேன்.

"நீங்க எங்க படுப்பீங்க?"

"ரமலான் ராத்திரி பூரா எங்களுக்குத் தொழுகைதான். கட்டில் எதுக்கு?"

நான் படுத்த அந்தப் பெஞ்சு என் உயரத்துக்குக் குட்டை. காலை மடக்கிப் படுத்து எழுந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒன்பதாம் நம்பரை வேறு பார்ட்டி முந்நூறுக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். மத்தியானம் ராமையா சிரித்த முகமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். "லோடு ரெடி பாய்காரு. லாரியிலேயே ஏறிப் போறேன்." என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். அன்று சாயங்காலம் முழுக் கஞ்சியையும் நானே குடித்தேன்.

4. லாரி செட்

மறுநாள் விடிகாலை வழக்கம்போல நடந்தேன். தூறல் விடவில்லை. ஒரு வண்டியில்கூடத் தார்ப்பாய் கட்டவில்லை. 'இன்னும் ஏற்றலாம்' என்றுதான் மனசு முதலில் சொன்னது. அத்தனை வருஷப் பழக்கம். அப்புறம்தான் உறைத்தது: ஒருத்தருக்கும் லோடு வரவில்லையே, ராமையாவுக்கு மட்டும் எப்படி வந்தது?

செட்டின் கோடியில், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே, ராமையா பையின் மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத் துண்டு.

"ஏன் பொய் சொன்னீக?"

"நீங்க மட்டும் நிஜம் சொன்னீங்களா? ராத்திரி பூரா தொழுகைன்னு சொன்னீங்க. முதுகைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறீங்க. நோன்பு இருக்குறவர் கட்டில்ல நேனு படுத்தா எனக்கு எந்தச் சாமி சரக்கு கொடுக்கும்?"

எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. "வந்தா நீங்க மறுபடி பெஞ்சுக்குப் போவீங்க" என்றார்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்.

"செட்ல எப்படி பாய்?"

"வெறும் வண்டிதான். நம்ம ஒன்பதாம் நம்பர் ஆளு அங்கன ஈரத்துல உக்காந்திருக்காரு." நடந்ததைச் சொன்னேன்.

அண்ணாச்சி சாக்பீஸைக் கவுண்டரில் வைத்தார். "அவரு வந்த அன்னைக்கு என்ன போட்டிருந்தோம்?"

"நூத்தம்பது."

"அதையே வாங்கிக்கங்க. மாடியில நான் கணக்குப் பாக்குற ரூம்ல படுக்கச் சொல்லுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க."

ஓடினேன் என்றே சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில் ஆள் இல்லை. கம்பெனி வாசலிலேயே போய் நிற்பதாகச் சொல்லி, தாயில்பட்டிக்குப் போன வேனில் ஏறிவிட்டார் என்று செட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். என்னைப் பார்த்த பிறகு அங்கே இருந்தால் நான் விட மாட்டேன் என்று நினைத்திருப்பார். வேறு ஒருவரைக் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டுத் தாயில்பட்டி வரை தேடிப் போக அன்றைக்கு எனக்கு வழி இல்லை.

வெயில் வந்தது. லோடுகள் கிளம்பின. ராமையாவின் சரக்கும் முழுசாக ஏறியது, அவரும் கூடவே போனார் என்று லாரி செட் புக்கிங்காரர் சொன்னார். ஒரு காகிதப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "ஓங்கோல்காரரு பாய்கிட்டக் கொடுக்கச் சொன்னாரு. கஞ்சிக்காம்."

உள்ளே பச்சைமிளகாய்.

அன்று சாயங்காலம் ஒன்றைக் கிள்ளிக் கஞ்சியில் போட்டேன். காரம் தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

5. அதற்குப் பிறகு

அடுத்த சீசனிலிருந்து எங்கள் லாட்ஜில் ஒரு வழக்கம் வந்தது. பலகையில் என்ன ஏறினாலும் சரி, ஆள் வந்து பை வைத்த அன்றைக்கு என்ன வாடகையோ, அவர் போகிற வரைக்கும் அதுதான். அண்ணாச்சியே சொன்னார். அதனால் லாட்ஜ் நொடித்துப் போகவில்லை.

ராமையா அந்த வருஷம் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. ஓங்கோல் பக்கத்துப் பார்ட்டிகளிடம் விசாரித்தேன், தெரியவில்லை என்றார்கள். சீசன் முதல் வாரம் ஒன்பதாம் நம்பரைக் கடைசியாகத்தான் கொடுப்பேன். அண்ணாச்சி பார்ப்பார், ஏன் என்று கேட்க மாட்டார். பிறகு ரமலான் சீசனை விட்டு முன்னால் நகர்ந்து போய்விட்டது. சாத்தூரில் பிள்ளைகளோடு நோன்பு திறக்க முடிந்தது. அங்கேயும் ஒரு மிளகாய் கேட்பேன். "அத்தாவுக்கு என்ன ஆச்சு?" என்று சிரிப்பார்கள்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். ரேட்டை ஏற்றுங்கள், அது தொழில். ஆனால் ஆள் வருவதற்கு முன்னால் ஏற்றுங்கள். வந்து பையை இறக்கியவருக்கு மழையைக் காட்டி ஏற்றாதீர்கள்.

இதை யாரிடமாவது சொன்னால் இருந்தபடியே சொல்லுங்கள். அண்ணாச்சியைக் கல்நெஞ்சக்காரர் ஆக்க வேண்டாம். என்னை நல்லவன் ஆக்க வேண்டாம். ராமையா திரும்பி வந்தார் என்று முடிவை மாற்றவும் வேண்டாம். அந்தப் பச்சைமிளகாயை மட்டும் மறந்துவிடாதீர்கள்.