எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள்

வீட்டில் எல்லாரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். காதில் கோளாறு இருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். இருபது வருடப் பகல்கள் மெஷின் சத்தத்துக்குள்தான் போயின.

சமையலறையில் கணவரும் மகள் நான்சியும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்ததும் குரல் தணிந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றியது. அவள் யாரையோ காதலிக்கிறாள், அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கம்பெனியில் ஷமீம். நானும் அவளும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். என் லைனில் செக்கிங் அவளுடையது. நான் வேலை சொல்லிவிட்டு நகர்ந்ததும், பெண்களிடம் குனிந்து ஏதோ சொல்வாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், உடனே தலையைக் குனிந்துகொள்வார்கள். என் இடத்துக்குத்தான் குறி வைக்கிறாள் என்று தோன்றியது. பெண்களை எனக்கு எதிராகத் தூண்டுகிறாள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். அவளை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

மறுவாரமே முப்பத்தேழாம் சைஸுக்குப் பதிலாக முப்பத்தெட்டைத் தைக்கவிட்டேன். ஒரு நாள் வேலை வீண். மேனேஜர் தெளிவாகத்தான் சொன்னார் என்றார்கள் எல்லாரும். இவர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தேன்.

இப்படியே இரண்டு வருடம் போனபிறகு நான்சிதான் கண்டுபிடித்தாள்.

"பின்னாடி நின்னு மூணு தடவ கூப்ட்டேம்மா. நீ திரும்பவே இல்ல. எதிர்ல வந்தா மட்டும் பதில் சொல்ற. அதுவும் என் வாயைப் பாத்துதான் சொல்ற."

"இப்டிப் பேசச் சொல்லி யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றேன்.

அவள் அழுததால்தான் வேலூர் மருத்துவமனைக்குப் போனேன். அங்கேயும் சந்தேகம் விடவில்லை. காது மெஷினை விற்கத்தான் இத்தனை சோதனையோ என்று நினைத்தேன். சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலியே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் விரல் ஒலி எழுப்பும் பட்டனை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தது.

செவித்திறன் வரைபடத்தை (எந்த ஒலி எந்த அளவில் கேட்கிறது என்று காட்டும் கோடு) டாக்டர் என் முன்னால் வைத்தார். கோடு வலப்பக்கம் போகப்போகச் சரிந்திருந்தது.

"சத்தம் உங்களுக்குக் கேக்குதும்மா. ச, ஸ மாதிரி மெல்லிய எழுத்துங்கதான் விட்டுப்போகுது. அதனால எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுற மாதிரி இருக்கும்."

உட்காதின் மயிர்ச்செல்கள் (ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய செல்கள்) இரைச்சலில் பழுதாகியிருந்தன. அவை மறுபடி வளராது. இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷமீம் வீட்டுக்குப் போனேன். என் காதிலிருந்த கருவியைப் பார்த்ததும், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா, உன்னப் பத்திதான் பேசிக்கினு இருந்தோம்," என்றாள். "மேனேஜர் ஒரு சைஸ் சொல்வாரு, நீ வேற சொல்லுவ. எல்லார் எதிர்லயும் திருத்துனா உனக்குத்தான அசிங்கம்? அதான் பொண்ணுங்ககிட்ட மெதுவா சொல்லிடுவேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே ஸ்டெல்லா. காத டாக்டர்கிட்ட காட்டுன்னு ரெண்டு தடவ சொன்னேன். சிரிச்சிக்கினே தலையாட்டுன."

டீ கொடுத்தாள். மன்னிப்பும் கேட்டேன். ஆனால் என் லைனுக்குத் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது அவள் உரிமை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் சமீபமாக எல்லாரும் முணுமுணுப்பதாகத் தோன்றுகிறதா? அடுத்தவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறீர்களா? யார் மீதாவது சந்தேகப்படும் முன் காதைக் காட்டிவிடுங்கள். நான் காட்டவில்லை.

இப்போது என் புடவை உரசுவதுகூட எனக்குக் கேட்கிறது. சொந்த உடம்பே இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது. ஆனால் அந்த இரண்டு வருடங்களை நினைத்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அவற்றில் கேட்ட ஒவ்வொரு பேச்சும் நினைவிருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை. அதில் எவ்வளவு அவர்கள் பேசியது, எவ்வளவு நானே இட்டு நிரப்பியது என்றுதான் தெரியவில்லை.