நீல ஜன்னல் வீட்டு வாசலில் சொன்ன ஜெபம்

பிள்ளைகளே, போன கோடையில் நாங்கள் வீடில்லாமல் நிற்கப் பார்த்தோம்.

கடலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை, மகன் கல்யாணத்துக்காக வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். என் மனைவி ரெஜினாவுக்குச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. அங்கேயே போய்விடலாம் என்று தேடினோம். போன இடமெல்லாம் முதல் கேள்வியே, "கவுச்சி சமைப்பீங்களா?" என்பதுதான். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. ஜெபமாலையைத் தொட்டாலே அழுகை வந்தது. 'ஒரு வாசல் காட்டு மாதாவே' என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் ஓடவில்லை.

அப்போதுதான் போனில் அந்த வீடு வந்தது. சிதம்பரத்தில்தான், தெரு விலாசமும் இருந்தது. நீல ஜன்னல். வெளியே செம்பருத்தி. தரையில் வெயில் பால்போலக் கொட்டிக் கிடந்தது. 'அசைவம் சமைக்கலாம்' என்றும் போட்டிருந்தது. என் மகள் ஸ்டெபி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். யார் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாலும் மனதுக்குள் அந்த வெயிலில்தான் நடந்துகொண்டிருந்தேன். மாதா சுரூபம் வைக்க மூலைகூடப் பார்த்தாயிற்று.

அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். என் பேரைக் கேட்டதும் எடுத்தவர், "நானும் வேதக்காரன்தான் மச்சான். வெளிநாட்டுல இருக்கேன். முன்பணத்த போட்டுவுடுங்க, சாவி கூரியர்ல வந்துரும். லேட் பண்ணா வேற ஆளு எடுத்துருவாங்க" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாடகை வீடானாலும், முன்பணம் கொடுக்குமுன் வாசலில் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்வோம். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"போட்டோவ பாத்து ஜெபம் பண்ணுங்க மச்சான். ஆண்டவர் எல்லா எடத்துலயும் இருக்காருல்ல?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போனை மாதா முன்னால் வைத்து மூவரும் முழங்காலிட்டோம். நீல ஜன்னல் மேலேயே தீர்த்தத்தைத் தெளித்தேன்.

"அப்பா, போனு கெட்டுடும்பா!" என்று ஸ்டெபி கத்தினாள்.

பிறகு பணம் அனுப்ப உட்கார்ந்தேன். நான் ஒரு எண்ணை அழுத்தினால் ஈரத்திரை வேறு எண்ணை எடுத்தது. துடைத்தேன். மறுபடியும் அதேதான். ரெஜினா என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, மாதாவே வேணாங்கறாங்க போல. வாசலுக்கே போயி ஜெபம் சொல்லிட்டு வந்துருவோம், கெளம்புங்க."

பஸ்ஸில் கண்ணயர்ந்தேன். கனவில் நீல ஜன்னலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். ஜன்னல் இருக்கிறது. வாசலைத்தான் காணோம். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அடித்தபோது விழித்தேன்.

வீடு நிஜமாகவே இருந்தது. செம்பருத்தியும் இருந்தது. கொடியில் யாருடைய துணிகளோ காய்ந்தன. ஓர் அம்மா வெளியே வந்தார்.

"வாடகைக்கா? இது எங்க சொந்த வூடு தம்பி, நாங்கதான் இருக்கோம். விக்கலாம்னு முன்ன போட்ட படத்த எவனோ எடுத்து ஏமாத்துறான். முந்தாநாளு ஒரு குடும்பம் பாய் தலகாணியோட வந்து எறங்கிட்டாங்க. அந்தப் பொண்ணு அழுதத பாக்க முடியல. நீங்க பணம் போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. போனு நனஞ்சிடுச்சு."

அந்த வாசலிலேயே நின்று ஜெபம் சொன்னோம். பாயோடு வந்து திரும்பிப் போன குடும்பத்துக்காகச் சொன்னோம். அந்த அம்மாவும் கைகூப்பி நின்றார். பிறகு, "பின்தெருவுல எங்க நாத்தனார் வாடகைக்கு வுடுற வூடு காலியா இருக்கு. சின்னதுதான்" என்றார்.

"மீன் சமைக்கலாமாம்மா?"

"நல்லா கேட்ட போ! அவ வூட்டுலயே தெனம் மீனுதான்."

அந்த வீட்டுக்கு நீல ஜன்னல் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். வரி ரசீதைப் பார்த்தோம். வாசலில் ஜெபம் சொன்னோம். சாவி கைக்கு வந்த பிறகே பணம் கொடுத்தோம். ஏமாற்றியவன் எண்ணைப் போலீசில் கொடுத்துவிட்டோம். இன்றும் அந்த நீல ஜன்னல் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது போனில் வீடு பார்த்து மயங்கினால் இதைச் சொல்லுங்கள். நம்பிக் கேளுங்கள், வாசல் திறக்கும். ஆண்டவர் எல்லா இடத்திலும் இருக்கிறார், அந்த ஆள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. ஆனால் வீடு ஒரே இடத்தில்தான் இருக்கும். அங்கே போய் நின்று ஜெபியுங்கள்.