லிடியா டீச்சர் பெங்களூர் பார்க்கப் போனது

திண்டுக்கல்லிலிருந்து போய் வடமதுரைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்த லிடியா டீச்சர் என் அம்மா. எதற்கும் சட்டென்று முடிவெடுப்பவர். சேலைக் கடையில் முதலில் விரித்த சேலையையே பையில் போடச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். கடைக்காரருக்கே சங்கடமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. 2002 கோடை விடுமுறையில் அப்பா கேட்ட கேள்வி அது.

அப்பா பாஸ்கல் வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பெங்களூரில் பெல்ட்டும் கைப்பையும் தைக்கும் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. குடும்பத்தோடு போவதென்றால் அம்மா பள்ளி வேலையை விட வேண்டும். நிரந்தர வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது.

"நீ போயி நாலு நாள் இருந்து பாரு. நீ சரின்னா போவோம்," என்றார் அப்பா.

"வேலை உங்களுக்கு, முடிவு மட்டும் எனக்கா?"

"நான் முடிவு பண்ணா ஆயுசுக்கும் என்னையத் திட்டுவேல்ல, அதான்."

அப்பாவின் தங்கை ஆனந்தமேரி அத்தை பெங்களூரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார். அம்மாவும் நானும் அங்கே போய் இறங்கினோம். அத்தைக்கு ஒரே உற்சாகம். "வந்துருங்க மதினி. கோடையில போர்வை போத்தித் தூங்குற ஊரு. குழாயத் திருகுனா தண்ணி. அங்க கிடந்து குடத்தோட மல்லுக்கட்டணுமா?"

அம்மா அடுப்படிப் பக்கம் போகும்போதெல்லாம் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு மூடுவார். "இம்புட்டுத் தண்ணியா!" கோவில், எனக்கான பள்ளி, மார்க்கெட் எல்லாம் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கு. ஆனா..." அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன என்று அவருக்கே தெரியவில்லை. "என்னம்மா ஆனா?" என்று கேட்டேன். "இருடி, அதத்தான் நானும் தேடுறேன்," என்றார்.

மூன்றாம் நாள் காலையில் குழாய் காற்றைத்தான் விட்டது. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுகிறார்களாம். அத்தை சலித்துக்கொண்டார். அம்மாவின் முகமோ, வந்ததிலிருந்து அன்றுதான் தெளிந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அதன் கீழே ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் தட்டில் விழுந்து டங் டங்கென்று சத்தம் போடும். வீட்டில் ஆள் இல்லையென்றாலும் பயமில்லை. பக்கத்து வீட்டு மூக்காயி அக்காவிடம் சாவி இருக்கும். அவர் வந்து எங்கள் குடங்களை நிறைத்து வைப்பார். அவர் இல்லாதபோது அம்மா அவருக்கு.

அத்தை அவசரப்படுத்த, மூன்று பேரும் ஒரு வாடகை வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். கதவைப் பூட்டியது அத்தை. குழாயை யாரும் நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது படிக்கட்டில் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஊரில் குழாய் தரையோடு, திறந்த வெளியில் இருக்கும். இங்கே அந்தத் தட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையை மூடி போட்டதுபோல் அடைத்திருந்தது. வீடு முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அத்தையின் செருப்புகள் மிதந்தன.

கீழ் வீட்டுக்காரப் பெண் இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னாங்க, மேல அருவி வச்சிருக்கீங்களா? எங்க மெத்தையெல்லாம் போச்சு! யாரு பண்ணது?"

"ஊர்லருந்து வந்தவங்க, தெரியாம..." என்றார் அத்தை. பிறகு குரலை இறக்கி, "ரெண்டு நாள்ல போயிருவாங்க."

அம்மா அதைக் கேட்டுவிட்டார். இரண்டு நாளாக "வந்துருங்க மதினி" என்ற வாய் அது. ஆனாலும் அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்ற பெரியவரிடம் கேட்டார்: "ஐயா, சத்தம் கேட்டுருக்குமே?"

"கேட்டுச்சும்மா. டங் டங்னு. கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. ஏதோ ரிப்பேர் வேலைன்னு நினைச்சேன்."

"கேட்டும்..." என்று ஆரம்பித்து அம்மா நிறுத்திக்கொண்டார். பெரியவர்மேல் என்ன தப்பு?

தண்ணீரை வாரிக் கொட்டி முடித்ததும் அத்தை சிரிக்கப் பார்த்தார். "அவ வாய அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன் மதினி. மனசுல வச்சுக்காதீங்க."

"அது கிடக்குது மேரி. நாங்க இங்க வந்தா, வீட்டுச் சாவிய யாருகிட்ட குடுத்து வைக்க?"

"எதுக்குக் குடுக்கணும்? இங்க யாரும் யாருக்கும் குடுக்குறதில்ல. அதுவும் ஒரு நிம்மதிதான், நம்ம சோலிய யாரும் பாக்க மாட்டாங்க."

அம்மா தலையாட்டினார். அதுவும் சரியாகத்தான் பட்டது அவருக்கு. மூக்காயி அக்கா எங்கள் வீட்டில் என்ன குழம்பு, யார் வந்து போனார்கள் என்று தெருவுக்கே சொல்வதும், அம்மா அதற்காகப் பல்லைக் கடிப்பதும் வாரம் தவறாமல் நடப்பதுதான்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அப்பா நின்றிருந்தார். "என்ன, சரியா?"

"தண்ணி நிறைய இருக்கு."

"அப்பப் போவமா?"

"சாவிய யாருகிட்ட குடுக்குறது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஜூன் மாதம் அப்பா மட்டும் போனார். "முதல்ல நீங்க போங்க, நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அம்மா. அந்த வருடமும் அடுத்த வருடமும் யோசித்தார். ராஜினாமா பற்றித் தலைமையாசிரியரிடம் ஒருமுறை பேசக்கூடச் செய்தார். மறுநாளே போய் வேண்டாம் என்றார். அப்பா மாதம் ஒருமுறை வந்து கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். சில வருடங்களில் அவரே திண்டுக்கல்லில் ஒரு உரக்கடையில் வேலை தேடிக்கொண்டார்.

இப்போது நான் இருப்பது வேறு நாட்டில். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. இங்கேயே இருந்துவிடுவதா, வந்துவிடுவதா என்று குழம்பிப்போன ஒரு நாள் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"ஏம்மா அன்னைக்குப் பெங்களூருக்கு வரமாட்டேன்னு சொன்ன?"

"நான் எப்ப வரமாட்டேன்னு சொன்னேன்? யோசிக்கிறேன்னுதான சொன்னேன். அதுக்குள்ள உங்கப்பா திரும்பி வந்துட்டாரு."