காப்புறுதி அட்டையும் என் மகனும்

யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் பிறருடைய படிவங்களில் பிழை பிடித்தே ஓய்வுபெற்றவன் நான். இப்போது இத்தாலியில், பலெர்மோ நகரில் இருக்கிறேன். மகள் ‘சிஞ்ஞோரா’ என்று அழைக்கும் முதலாளியம்மாவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்வதால், அறையில் நான் தனி. மகன் ஜெர்மனியில் பொறியியல் படிக்கிறான். ஞாயிறுதோறும் பொலிதேயாமா சதுக்கத்தில் உள்ள தொலைபேசிக் கடையிலிருந்து அழைத்து, பட்டியல் வைத்து விசாரிப்பேன்.

“விசா நீடிச்சாச்சோ?”

“ஓம் அப்பா.”

“காப்புறுதி அட்டை?”

“அதைக் காட்டித்தான் போன கிழமை ஆஸ்பத்திரியிலை நாலு நாள் கிடந்தனான். நிமோனியா.”

பட்டியலை மடித்தேன். “ஏனடா சொல்லேல்லை?”

“நீங்கள் கடதாசியளைத்தானே கேட்கிறனீங்கள்.”

“ஆர் வந்து பார்த்தது?”

“இஞ்சை எனக்கு ஆரைத் தெரியும்?”

இப்போது பட்டியல் கொண்டுபோவதில்லை. “இண்டைக்கு ஆரோடை கதைச்சனி?” என்றே தொடங்குகிறேன். போன ஞாயிறு அவன் அதையே என்னிடம் திருப்பிக் கேட்டான்.

“உன்னோடைதான்,” என்றேன்.