மின்னலில் தெரிந்த இடது கால்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் விளம்பரத்துக்கு கிராபிக்ஸில் கடல் செய்து கொடுத்தவர் அவர். யார் வந்தாலும் மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. புது மாடல் வெளியே போகக்கூடாதென்று, சாம்பிளுக்கு வழக்கம்போல வலது கால் ஷூவை மட்டுமே கொடுத்திருந்தேன்.

வேலை முடிந்த அன்று அவர் படத்தை எனக்கு ஓட்டிக் காட்டினார். அலைகளில் வலது கால் ஷூக்களாக மிதந்தன. மின்னல் வெட்டியபோது நடுவில் ஓர் இடது கால் ஷூ தெரிந்து மறைந்தது. அதில் சிவப்புத் தையல். இடது காலில் மட்டும் வருகிற அந்தத் தையலை நான் அவருக்குக் காட்டியதே இல்லை.

“இது எப்டி உங்ககிட்ட வந்துச்சு?”

“வேற கம்பெனிக்காரர் குடுத்தார் சார். அவரும் உங்கள மாதிரிதான், நம்பி ஜோடியா குடுக்கல.”

மானிட்டரைத் திருப்பிக்கொண்டார். அந்த ஷூவை அவர் மின்னலில் வைத்தது கவனக்குறைவா, எங்கள் மாடல் ஏற்கெனவே வெளியே போய்விட்டதென்று எனக்கு விடுத்த எச்சரிக்கையா என்று இன்றும் தெரியவில்லை.