ரேணுகாவின் விரல்கள் படித்த கல்

எதிர்வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், ஆரணியில் நான் புது டீச்சராக நின்ற எட்டாம் வகுப்புக்கே போய்விட்டேன்.

'வரலாற்றுச் சான்றுகள்' பாடம். நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்ததில் எனக்கே கொட்டாவி வந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? புத்தகத்தை மூடிவிட்டு, "இந்த வகுப்பறையக் கட்டினது யாரு?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் தெரியாது.

மறுநாள் பள்ளி பீரோவைக் குடைந்தேன். அதில் கிடைத்த, அந்த அறையின் திறப்பு விழா நோட்டீஸைச் சரளமாக வாசிக்கிறவர்களிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒரு பழைய போட்டோ. மிச்சம் ரேணுகா. அவளுக்குப் பார்வை மங்கல்; பெரிய எழுத்தையும் மூக்கருகே வைத்துத்தான் படிப்பாள். "கண்ணு தெரியாத பொண்ணு படிச்சி இன்னா பண்ணப் போறா? இந்த வருசத்தோட நிறுத்திடறேங்க" என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாசல் சுவரில் ஒரு கல் இருந்தது. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பில் எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கியிருந்தது; தொட்டால் மட்டும் லேசாகப் பள்ளம் தட்டுப்பட்டது. சுரண்டினால் தலைமையாசிரியை என்னைத் தொலைத்துவிடுவார். "தடவிப் பாரும்மா" என்று அவளை அங்கே நிறுத்தினேன்.

நோட்டீஸ்காரிகள் முதலில் கத்தினார்கள். "களம்பூர் ரைஸ்மில் முதலாளி கட்டினாரு டீச்சர்!"

போட்டோக்காரிகள் விடவில்லை. "பொய்யி! இதுல எல்லாம் பொம்பளைங்க. செங்கல்லு தூக்கிகினு வராங்க பாருங்க."

"அதெல்லாம் கூலி ஆளுங்கடி!"

சண்டை முற்றியபோது வாசலிலிருந்து ரேணுகாவின் குரல். "ஜல்தியா வாங்க டீச்சர்!"

ஓடினோம். அவள் விரல் கல்லில் ஊர்ந்தது. "தா... ய்... மா... ர்..." எழுத்து எழுத்தாகக் கல்லில் இருந்ததை முழுக்கச் சொன்னாள். இடம் ஆலைக்காரர் தந்தது. அறை இத்தெருத் தாய்மார் கூலியின்றிக் கட்டியது. கடைசி எழுத்தைச் சொல்லி முடித்ததும் எழுந்த கூச்சலில் நானும் குதித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதட்ட வந்த தலைமையாசிரியை, "இன்னொரு வாட்டி படி" என்று கேட்டு நின்றுவிட்டார்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். மகள் படிக்கப் படிக்கக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கட்டுங்க" என்றார்.

இப்போது அந்த அறை இல்லை. மாடிக் கட்டடம் வந்துவிட்டது. கல் எந்த லாரியில் இடிபாட்டோடு போனதோ தெரியாது. திருவண்ணாமலையில் வேலையிலிருக்கும் ரேணுகாவிடம் போனில் புலம்பினேன்.

"கல்லு போனா போவுது டீச்சர். எனக்கு மனப்பாடம். பேனா எடுங்க, சொல்றேன்" என்றாள். "ரெண்டாவது வரியில ஓரம் உடைஞ்சிருக்கும். அதையும் எழுதிக்கோங்க."